மூன்றாம் தவணை

"வெறுந்தாள் மட்டும் குடுக்காதேங்கோ பிள்ளையள்."

எங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலிஸ் ரீச்சரை நினைத்தால் எனக்கு முதலில் இந்தக் குரல்தான் வரும். கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. பஸ்ஸில் ஏறும் பிள்ளையிடம் குடையை விட்டுவிட்டு வராதே என்று சொல்லுகிற மாதிரி ஒரு குரல். ஒரு வருடம் முழுக்க, தை தொடங்கி மார்கழி வரைக்கும், பதினோராம் தரத்துப் பிள்ளைகளிடம் அவர் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

தை மாதத்து ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் எல்லோரிடமும் இலக்குக் கேட்பார். பதினோராம் தரம் முடிய எழுதும் ஓ.எல். பரீட்சையில் உங்கள் பாடத்தில் எத்தனை வீதம் சித்தி பெற வைப்பீர்கள் என்று. நான் கணித வாத்தி. எழும்பி நின்று, வருவது வரட்டும் என்று ஒரு எண்ணைச் சொன்னேன். விஞ்ஞான ரீச்சர் என்னைவிடக் கூட்டிச் சொன்னார். இங்கிலிஸ் ரீச்சரின் முறை வந்தது.

"இந்த முறை எங்கட பிள்ளையள் ஒருதரும் வெறுந்தாள் குடுக்கக் கூடாது சேர்."

"ரீச்சர், நான் கேட்டது சித்தி வீதம்" என்றார் அதிபர்.

"அது பிறகு பாப்பம் சேர். முதல்ல தாளில ஏதாவது கிடக்கட்டும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். இப்படியொரு இலக்கை வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினால் எங்களுக்கு விசர் என்றுதான் நினைப்பார்கள் என்று பக்கத்தில் இருந்தவரின் காதுக்குள் சொன்னேன். அது இங்கிலிஸ் ரீச்சருக்கும் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தார்.

ஆனால் விசயம் அவருக்குத்தான் விளங்கியிருந்தது. ஓ.எல். முடித்து மேலே படிக்கப் போவதற்குத் தமிழும் கணிதமும் கட்டாயம் வேண்டும். இங்கிலிஸ் வேண்டாம். அதில் என்ன எடுத்தாலும், எடுக்காவிட்டாலும், மேல்வகுப்பான ஏ.எல். கதவு திறக்கும். அதனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பழக்கம் வேர் விட்டிருந்தது. இங்கிலிஸ் சோதனையன்று பிள்ளைகள் மண்டபத்துக்குள் போவார்கள், தாளின் தலையில் தங்கள் பரீட்சை இலக்கமான சுட்டெண்ணை எழுதுவார்கள், பிறகு மேசையில் தலையை வைத்துப் படுத்துவிடுவார்கள். அண்ணன்மார் தம்பிமாருக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. "இங்கிலிஸ் சோதனை எண்டா நித்திரைச் சோதனை" என்று பகிடியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

பிள்ளைகளில் முழுப் பிழையும் இல்லை. இது கொரோனாவுக்கு முந்திய இரண்டு வருடங்களின் கதை. அப்போது பதினோராம் தரத்தில் இருந்த பிள்ளைகளுக்கு ஒன்றாம் இரண்டாம் வகுப்பு என்று ஒன்று ஒழுங்காக இருக்கவில்லை. அந்த வயதில் அவர்கள் யுத்தத்துக்குள் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஏபிசிடி படிக்க வேண்டிய காலத்தில் பங்கருக்குள் இருந்தவர்கள். இங்கிலிசும் அப்படித்தான், என்னுடைய கணிதமும் அப்படித்தான். அத்திவாரம் இல்லாத வீட்டுக்கு நாங்கள் ஓடு போட்டுக்கொண்டிருந்தோம்.

ரீச்சர் யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர். விடியும் முன்னே பஸ் எடுத்துக் கிளிநொச்சியில் இறங்கி, ரவுணில் தையல் மெசின் திருத்துகிற கடையொன்றில் விட்டு வைத்திருக்கும் தன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, இரணைமடு வாய்க்கால் றோட்டால் புழுதி குடித்தபடி எங்கள் குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருவார். வீட்டில் அவருக்குச் சின்னப் பிள்ளை இருந்தது. கஷ்டப் பிரதேச சேவை முடிந்தும் இடமாற்றம் கிடைக்கவில்லை. நானாக இருந்தால் காலமை வந்து கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பேன். அவரோ பள்ளிக்கூட வாசல் படலையில் ஸ்கூட்டியை நிப்பாட்டிவிட்டு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நிற்பார். உள்ளே போகிற ஒவ்வொரு பிள்ளையும் இங்கிலிசில் ஒரு வசனம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். என்ன வசனமும் சொல்லலாம்.

"ரீச்சர், யுவர் ஹெல்மெட் ரெட்" என்பான் ஒருவன்.

"சோக்கு! சோக்காச் சொன்னாய்!"

அடுத்தவன் அதையே சொல்லுவான். அவனுக்கும் சோக்கு. ஒருமுறை பதினோராம் தரத்துப் பதினெட்டுப் பிள்ளைகளும் வரிசையாக அந்தத் தலைக்கவசம் சிவப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதினெட்டுப் பேருக்கும் சோக்குச் சொல்லி முடிய முதலாம் பாடவேளை மணி அடித்துவிட்டது. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது, ஏனென்றால் அது என்னுடைய பாடவேளை.

எனக்கும் அவருக்கும் ஓய்வறையில் ஒரே கொழுவல். பிழை என்று கண்டால் எனக்குக் கை சும்மா இராது. சிவப்புப் பேனையால் பெரிதாகக் குறுக்கே கீறி விடுவேன். ஒருநாள் என் மேசையில் கிடந்த கொப்பிகளை அவர் புரட்டிப் பார்த்தார்.

"சேர், இந்தப் பிள்ளையின்ர கொப்பிக்கு அம்மை வந்திருக்கு. வேப்பிலை கட்டுங்கோ."

"பிழையைப் பிழை எண்டு சொல்லாம என்னெண்டு படிப்பிக்கிறது?"

"சொல்லுங்கோ. ஆனா எழுதின பிறகுதானே பிழை வரும்? இதுகள் எழுதவே மாட்டனெண்டு நிக்குதுகள். எழுதாத பிள்ளைக்கு நீங்கள் எங்க குறுக்கக் கீறுவியள்?"

 பதில் இல்லாவிட்டால் தேத்தண்ணி குடிப்பது என் வழக்கம், குடித்தேன்.

எழுத மாட்டேன் என்று நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் தலைவி ஒருத்தி இருந்தாள். டிலக்சி. அவளுடைய அப்பா இரணைமடுக் குளத்தில் மீன் பிடிக்கிறவர். வகுப்பில் அவள் வாய்க்குள் கொழுக்கட்டை. இடாப்புக் கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்துவாள். எழுத்தோ முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதச் சொன்னால் அச்சடித்த மாதிரி எழுதுவாள். ஆனால் நீயாக ஒரு வசனம் எழுது என்றால் தாள் அப்படியே வெள்ளையாகத் திரும்பி வரும். மேலே பெயர் மட்டும், அதற்குக் கீழே அழகாக இரண்டு கோடு அடித்து.

முதலாம் தவணைச் சோதனையில் அப்படியொரு தாள் வந்தபோது ரீச்சர் அதன் அடியில் எழுதியதை நான் பார்த்தேன். இங்கிலிஸ் ரீச்சர், எழுதியது தமிழில்: 'தாள் நல்ல சுத்தம். அடுத்த முறை கொஞ்சம் ஊத்தையாக்கிக் கொண்டு வரவும்.'

"ஏன் ரீச்சர் தமிழில?"

"இங்கிலிசில எழுதினா அவள் ஆரைக் கேட்டு வாசிக்கிறது சேர்?"

பிறகொரு நாள் ஓய்வறை வாசலில் வைத்து அவளிடம் கேட்டார். நான் உள்ளே இருந்தேன். செல்லம் வந்தால் பெண் பிள்ளையும் அவருக்கு அப்பன்தான்.

"ஏன் அப்பன் எழுதேல்லை? தெரியாதோ?"

 மெல்லச் சொன்னாள்: "எழுதாட்டித் தெரியாது எண்டு மட்டும்தான் ரீச்சர் நினைப்பினம். பிழையா எழுதினா எல்லாரும் பாத்துச் சிரிப்பினம்."

சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பதாம் தரத்தில் அவள் செய்த கணக்கொன்றைக் கரும்பலகையில் போட்டுக்காட்டி, "இதுக்கு நோபல் பரிசு குடுக்கலாம்" என்று வகுப்பைச் சிரிக்க வைத்தவன் நான்தான். பகிடிக்குச் செய்தது. பகிடி எனக்கு.

ரீச்சர் அன்றைக்கே ஒரு திட்டம் போட்டார். அதை எனக்கு விரல் மடக்கிச் சொன்னார். முதலாம் தவணை வாய். என்ன வருகிறதோ அதைச் சொல்லிப் பழக வேண்டும். அதைத்தான் படலையில் செய்துகொண்டிருந்தார். இரண்டாம் தவணை பென்சில். பென்சிலால் எழுதினால் பயமில்லை, பிழைத்தால் அழிக்கலாம், ஒருவரும் காண மாட்டார்கள். மூன்றாம் தவணை பேனை. அழிறப்பரைப் பறித்துவிட்டு, பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு மேலே போ என்று பழக்குவது.

"வெட்டிப்போட்டு எழுதுறதுக்குத்தான் சேர் இதுகளுக்கு நெஞ்சுரம் காணாது. அதுக்கு எனக்கு ஒரு முழுத் தவணை வேணும்."

இரண்டாம் தவணையில் அவர் பதினெட்டுப் பென்சில் வாங்கி வந்து சீவிக் கொடுத்தார். முதல் இரண்டு கிழமையும் டிலக்சி எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். கொப்பி ஓட்டையானதுதான் மிச்சம். ரீச்சர் சளைக்கவில்லை. "அழிச்சாலும் எழுதினதுதானே, கை எழுதிப் பழகுது" என்பார். ஒவ்வொரு நாளும் அவள் இருக்கும் வாங்குக்குப் பக்கத்தில் போய் நின்று, கொப்பியைப் பார்க்காமல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார். ஆடி மாதக் கடைசியில் ஒருநாள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓய்வறைக்கு ஓடி வந்தார். ஓட்டமேதான். சேலை தடக்கி விழப் பார்த்தார்.

"சேர்! இஞ்ச பாருங்கோ! டிலக்சி! ஐஞ்சு வரி!"

வாங்கிப் பார்த்தேன். பழக்க தோசம், கண் பிழைக்குத்தான் போனது.

"நாலு பிழை கிடக்கு ரீச்சர்."

"நாலும் அவள் தானா விட்ட பிழை சேர்! ஆரையும் பாத்து எழுதின பிழை ஒண்டும் இல்லை!"

கண் கலங்கி நின்றார். என்ன மனுசி இது என்று நினைத்தேன். ஆனாலும் சொல்ல வேண்டும், அன்றைக்கு எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. வெளியே காட்டவில்லை.

புரட்டாதியில் மூன்றாம் தவணை தொடங்கியது. தொடங்கிய முதல் நாளே அதிபர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் புது நேரசூசி கிடந்தது. பதினோராம் தரத்து இங்கிலிஸ் பாடவேளைகள் எல்லாவற்றிலும் கணிதம் என்று எழுதியிருந்தது. இங்கிலிஸ் ரீச்சருக்கு ஆறாம், ஏழாம் தரங்கள்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. கணிதம் விட்டா பிள்ளையள் ஏ.எல். போகேலாது. இங்கிலிஸ் விட்டா ஒண்டும் நடக்காது. நீங்களே யோசிச்சுப் பாருங்கோ" என்றார் அதிபர்.

ரீச்சர் யோசித்ததாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். "சேர், நீங்கள் சொல்லுங்கோ. கிழமையில ரெண்டு பாடம் எனக்கு விட்டால் உங்களுக்கு ஏலாதோ?"

ஏலும். மனம் வைத்திருந்தால் ஏலும். ஆனால் தை மாதத்தில் நான் வாய்க்கு வந்தபடி சொன்ன அந்த எண் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. "திரிகோண கணிதம் இன்னும் தொடங்கவே இல்லை ரீச்சர்" என்றேன். அதுவும் உண்மைதான்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இடைவேளையில் கூப்பிட்டுப் பார்த்தார். பிள்ளைகள் பசியில் வருவார்கள், பத்து நிமிடத்தில் மணி அடிக்கும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வைத்துப் பார்த்தார். ஒரு பஸ்தான், அதை விட்டால் நடை. அவருக்கும் யாழ்ப்பாணம் போக வேண்டும், பிள்ளை காத்திருக்கும். என் பாடத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைத் தாருங்கோ என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார். ஒருதரம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வாசலில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் டிலக்சியின் கையில் பேனையைக் கொடுத்தார், அவள் மூடியைத் திறந்தாள், மணி அடித்தது. இரண்டாம் முறை அவர் கேட்டபோது நான் கொடுக்கவில்லை.

மார்கழியில் பரீட்சை. எங்கள் பிள்ளைகளுக்கு ரவுணில் உள்ள ஒரு பெரிய பள்ளிக்கூடம்தான் மண்டபம். நோக்குநர் வேலைக்கு, அதாவது மண்டபத்துக்குள் நின்று பிள்ளைகளைக் கண்காணிக்கும் வேலைக்கு, எனக்கு வேறெங்கோதான் போட்டிருந்தார்கள். சொந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதும் இடத்தில் ஆசிரியர் நிற்கக் கூடாது. ஆனால் இங்கிலிஸ் பரீட்சையன்று அந்த மண்டபத்து நோக்குநர் ஒருவர் காய்ச்சலில் விழுந்துவிட, காலமை என்னை அங்கே போகச் சொன்னார்கள். போய், மண்டப மேற்பார்வையாளரிடம் விசயத்தைச் சொன்னேன்.

"உங்கட பாடம் கணிதம்தானே? இண்டைக்கு இங்கிலிஸ். ஆளில்லை, நில்லுங்கோ" என்றார். "ஆனா சேர், உங்கட பிள்ளையளோட ஒரு சொல் கதைக்கப்படாது. பிறகு முழு மண்டபத்துக்கும் பிரச்சினையாப் போடும்."

மழை. தகரக் கூரையில் பேயாட்டம். படலைக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் இங்கிலிஸ் ரீச்சர் சிவப்புத் தலைக்கவசத்தோடு நிற்பது யன்னலால் தெரிந்தது. உள்ளே வர அவருக்கு அனுமதியில்லை. போகும் பிள்ளைகளுக்கெல்லாம் மழைக்குள் நின்று கையைக் காட்டியிருக்கிறார்.

இரண்டாம் தாள். கட்டுரை எழுத வேண்டிய தாள். எங்கள் பிள்ளைகளில் ஆறு பேர் சுட்டெண்ணை எழுதிவிட்டுப் படுத்துவிட்டார்கள். மற்றவர்கள் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். டிலக்சி யன்னலோரம், குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். சுற்றி வரும்போது அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்தேன். பக்கம் நிறைந்திருந்தது. நின்று வாசித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிழை என் கண்ணில் படவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஓடிப்போய் அந்தத் தேத்தண்ணிக் கடையில் சொல்ல வேண்டும் போல எனக்குக் கால் பரபரத்தது.

அரைமணி நேரம் இருக்கையில் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். "அந்த யன்னல் கரைப் பிள்ளை பென்சிலால எழுதுது. பென்சில் எண்டால் தாள் திருத்த மாட்டினம். பேர் சொல்லாம, பொதுவா எல்லாருக்கும் சொல்லிவிடுங்கோ."

அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது. நான் எழுத்தை வாசித்தேனே ஒழிய எதனால் எழுதியிருக்கிறாள் என்று பார்க்கவில்லை. மழைச் சத்தத்துக்கு மேலால் கத்தினேன்: "விடைகள் பேனையால் மட்டும் எழுதப்பட வேண்டும். பென்சில் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பென்சிலை வைத்தாள். பேனையை எடுப்பாள், எழுத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். அவள் அழிறப்பரை எடுத்தாள். முதல் வரியில் இருந்து அழிக்கத் தொடங்கினாள்.

சுத்தக்காரி. பென்சில் தெரியப் பேனையால் எழுதினால் அசிங்கம் என்று நினைத்திருப்பாள். ஒவ்வொரு வரியாக அழித்து, தூளை ஊதி, கையால் துடைத்து, அடுத்த வரிக்குப் போனாள். நான் இரண்டு முறை அவளைக் கடந்து போனேன். மேலால எழுது. இரண்டே இரண்டு சொல். நாக்கு நுனியில் வந்து நின்றது. மேற்பார்வையாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். யாராவது முறைப்பாடு எழுதினால் அத்தனை பேரின் தாளும் போகும், என் வேலையும் போகும். இரண்டு பக்கத்தாலும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே நடந்தேன்.

முழுவதையும் அழித்து முடித்த பிறகு பேனையை எடுத்தாள். முதல் சொல்லுக்கு மேலே பேனை நின்றது. இதை இனி அழிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். பேனை இறங்கவில்லை. மணி அடித்தது. அந்தத் தாளை நான்தான் என் கையால் வாங்கினேன்.

வெளியே வந்தபோது ரீச்சர் படலையில் நின்றார். சேலைக் கரை நனைந்து ஒட்டியிருந்தது. பிள்ளைகள் எல்லோரிடமும் கேட்டு முடித்திருந்தார். எல்லோரும் எழுதினோம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய முகத்தைப் பார்த்து ஒருவரும் வேறொன்றும் சொல்ல மாட்டார்கள். டிலக்சி மட்டும் நிற்காமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

"சேர், நீங்கள் உள்ளுக்க நிண்டனியளாமே! என்ர டிலக்சி எழுதினவளோ?"

"எழுதினவள் ரீச்சர். ஒரு பக்கம் முழுக்க எழுதினவள். நான் கண்ணால பாத்தனான்."

பொய்யில்லை. ஒரு சொல்லும் பொய்யில்லை. ரீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

பெறுபேறு வந்தது. டிலக்சி கணிதத்தில் சித்தி. இங்கிலிசில் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. அந்தப் பரீட்சையில் ஒரு கொடுமை இருக்கிறது. நித்திரை கொண்டவனுக்கும் டபிள்யூதான், பக்கம் நிரப்பிப் பிழைவிட்டவனுக்கும் டபிள்யூதான். தாளைத் திருப்பித் தர மாட்டார்கள். ரீச்சர் வருடம் முழுக்கத் தலைகீழாக நின்று முயன்ற அந்த ஒரு விசயம் நடந்ததா இல்லையா என்று எந்தக் கடதாசியிலும் வராது. அதிபர் எனக்குக் கை தந்தார். கணித வீதம் கூடியிருந்தது.

பெறுபேறு பார்க்க வந்த டிலக்சியைக் கண்டதும் ரீச்சர் கட்டிப்பிடித்துக்கொண்டார். "டபிள்யூ எண்டு கவலைப்படாத அப்பன். இது எழுதி எடுத்த டபிள்யூ. சும்மா வந்ததில்லை." அவருடைய தோளுக்கு மேலால் அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். பிறகு சைக்கிள் நிறுத்தும் இடத்தில் என்னிடம் தனியே வந்தாள்.

"சேர், ரீச்சரிட்டச் சொல்லாதேங்கோ. அவா தாங்க மாட்டா."

"சொல்லமாட்டன்" என்றேன். சொன்னபடியே இருந்தேன். ஆனால் ரீச்சர் விடவில்லை. அடுத்த வருடத்துப் பதினோராம் தரத்துக்கு டிலக்சியின் கதைதான் அவருடைய பாடப்புத்தகம். ஒருநாளும் எழுதாத பிள்ளை ஓ.எல்லில் பக்கம் நிரப்பின கதை. 'கணித சேர் சாட்சி' என்று முடிப்பாராம். பிள்ளைகள் என்னை வழியில் கண்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

புரட்டாதி வந்தது. மூன்றாம் தவணை. அதிபர் பழையபடி இங்கிலிஸ் பாடவேளைகளைக் கணிதத்துக்குப் போட்டுப் புது நேரசூசி எழுதினார். போன வருடம் பலித்த வைத்தியம் அல்லவா. இந்த முறை ரீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை. வலயத்துக்குப் போவேன், மாகாணத்துக்குக் கடிதம் போடுவேன் என்று நின்றார். மூன்று நாள் இழுபறி. நேரசூசி அதிபரின் மேசையிலேயே கிடந்தது. எனக்கும் மனதுக்குள் முடிவு வந்திருந்தது. இந்த முறை அந்தப் பாடங்கள் எனக்கு வேண்டாம் என்று நானே அதிபரிடம் சொல்லிவிடுவது. எப்படிச் சொல்வது என்றுதான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ரீச்சர் என்னைப் பதினோராம் தரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "பிள்ளையள் நம்பீனமில்லை சேர். நீங்கள் ஒருக்கா உங்கட வாயால சொல்லுங்கோ."

சொன்னேன். படலையில் சொன்ன அதே சொற்களைச் சொன்னேன். கடைசி வாங்கில் இருந்த ஒரு பெட்டை எழும்பினாள்.

"என்ன சேர் எழுதினவா அந்த அக்கா?"

அதை ஒருவரும் அதுவரை என்னிடம் கேட்கவில்லை. ரீச்சரும் கேட்கவில்லை. உலகத்தில் அதை வாசித்த ஆள் நான் ஒருவன்தான். சொல்லத் தொடங்கினேன். அவள் இங்கிலிசில் எழுதியதை எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். 'எனக்குப் பிடித்த இடம் குளக்கட்டு. விடியப்புறம் அப்பா வள்ளத்தால் வருவார். நான் கூடை பிடிப்பேன். அப்பா ஒன்றும் கதைக்க மாட்டார். நான்தான் கதைப்பேன். பள்ளிக்கூடத்தில் நடந்தது எல்லாம் கதைப்பேன். அப்பா மீனை எண்ணிக்கொண்டு கேட்பார். நான் நிறையக் கதைக்கிற பிள்ளை.'

 ரீச்சர் கதிரையில் இருந்துவிட்டார். "நிறையக் கதைக்கிற பிள்ளையாமே" என்றார். "நான் ஒருநாளும் கேட்டதில்லையே சேர்." சிரித்தார், கூடவே கண்ணைத் துடைத்தார்.

வெளியே விறாந்தைக்கு வந்தோம். என்னை நிப்பாட்டினார்.

"சேர், ஒண்டு கேக்கிறன். இவ்வளவு நாளும் கேக்கப் பயமா இருந்தது. மூண்டாம் தவணை நான் அவளுக்குப் பேனை பழக்கேல்லை. ராவு ராவா அதுதான் எனக்கு நெஞ்சுக்குள்ள. பிள்ளை பேனையாலதானே எழுதினவள்?"

என்ன சொல்ல முடியும்? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னதான் சொல்ல முடியும்? அதுவும் அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு.

"ஓம் ரீச்சர். பேனையாலதான்."

பெரிதாக ஒரு மூச்சு விட்டார். தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான்தான் வீணாய்ப் பயந்து செத்திருக்கிறன். மூண்டாம் தவணை இல்லாமலே அவள் பேனையால எழுதியிருக்கிறாள் எண்டால், இதுகளும் எழுதுங்கள். என்ன சேர்? எழுதுங்கள்தானே? கணிதம் இல்லாட்டி இதுகள் மேல போகேலாது, அதிபர் சொல்லுறதும் சரிதான். இனி நான் சண்டைக்குப் போகேல்லை. நீங்களே எடுங்கோ."

"ரீச்சர்..."

"என்ன சேர்?"

"ஒண்டுமில்லை."

அவர் நேரே அதிபரின் அறைக்குப் போனார். யன்னலால் பார்த்தேன், அதிபர் எழும்பி நின்று கும்பிட்டார். அடுத்த நாள் காலமை அவருடைய பாடவேளையில், இருபத்தொரு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, நான் கணிதம் படிப்பித்தேன்.